ஜெனரல் கச்சல்லா கொடுத்த உத்தரவாதம்

மேஜர் ஜெனரல் கச்சல்லா லாவான் லஞ்சம் வாங்காதவர். அவரைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். என்ன, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்வார்கள். ஆயுசில் பாதிக்கு மேல் ராணுவத்தில் கழித்துவிட்டு மைதுகுரிக்குத் திரும்பியபோது அவரிடம் இருந்தது தகரக் கூரை போட்ட ஒரு வீடு, சில ஆடுகள், இடது முழங்காலுக்குள் டாக்டர்கள் எடுக்காமல் விட்ட ஒரு குண்டுச் சில்லு, அவ்வளவுதான். நைஜீரியாவில் ஜெனரலாக இருந்து இவ்வளவுதான் சேர்த்தேன் என்று ஒருவன் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தது. "மனுஷனுக்குச் சுடத் தெரிஞ்சது, சுருட்டத் தெரியலையே" என்று திங்கள் சந்தையில் ஆட்டுத் தரகர்கள் கேலி பேசினார்கள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய அக்கா ஃபல்மாதா போட்டுக்கொண்டாள். கேலி பேசிய தரகர்களுக்குக் கோசை விற்பதை அன்றோடு நிறுத்தினாள். கோசை என்றால் காராமணியை அரைத்துச் சுடுகிற வடை. அதைச் சுட்டு விற்றுத்தான் அவள் தம்பியை ஆளாக்கினாள். அப்பா மாட்டு லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள், கட்டிய புருஷனும் நிலைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரு வாணலியும், சளி ஒழுகும் மூக்கோடு ஒரு தம்பியும். பேருந்து நிலையத்து வாசலில் புகையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கண் ஓரம் எப்போதும் சிவந்தே இருக்கும்.

ஜாரியாவில் ராணுவப் பள்ளி முடித்து, அதிகாரியாகப் பட்டை தைத்துக்கொண்ட நாளில் அக்காவை அணிவகுப்புப் பார்க்க அழைத்திருந்தான் கச்சல்லா. இருப்பதிலேயே நல்ல துணியைக் கட்டிக்கொண்டு அவளும் போனாள். எண்ணெய் வாசம் துணியை விட்டுப் போகுமா? வாசலில் நின்ற காவல்காரன் மோந்து பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்து, அவளை வேலைக்காரர்களின் வரிசையில் நிறுத்திவிட்டான். வெயிலில் நின்றே பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடுதான் ஊர் திரும்பினாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. தம்பிக்குத்தான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இனிமேல் என் அக்கா எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினான்.

பிறகு லைபீரியா. அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், அங்கே அமைதி இருந்தால்தானே காப்பதற்கு! ரப்பர்த் தோட்டத்து நடுவில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். முழங்கால் சிதறி விழுந்த கேப்டன் கச்சல்லாவை எல்லோரும் செத்துவிட்டதாக நினைத்துப் பின்வாங்கியபோது, புலாமா என்ற சிப்பாய் மட்டும் திரும்பி ஓடிவந்து அவரை முதுகில் சுமந்துகொண்டு போனான். அதிலிருந்து கச்சல்லாவுக்கு ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. தன்னோடு ஒரே குழியில் கிடந்தவன் தனக்குத் துரோகம் செய்ய மாட்டான். மதம் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். புலாமாவைச் சார்ஜண்ட் ஆக்கினார், எங்கே மாற்றல் என்றாலும் கூடவே அழைத்துப் போனார்.

ஓய்வுபெற்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைத் தலைநகர் அபுஜாவிலிருந்து கூப்பிட்டார்கள். போதைத் தடுப்பு நிறுவனத்துக்குத் தலைவராக வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சிறைக்குப் போனார், இன்னொருவர் துபாய்க்குப் போனார். இவர் போனதும் முதல் வேலையாக வடக்கே யாத்ரீகர்கள் விமானம் ஏறுகிற நிலையத்தில் இருந்த பழைய ஆட்களைக் கூண்டோடு கிளப்பினார். அந்த இடங்களில் தன்னோடு போரில் இருந்த சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களுக்குத் தலைமை சார்ஜண்ட் புலாமா. "என் பசங்க நிக்கிற எடத்துல ஈ, எறும்புகூடத் திருட்டுத்தனமா நுழையாது" என்று டிவியில் சொன்னார். நாடே கை தட்டியது.

டிவி அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. எங்கள் நாட்டு வழக்கம் தெரிந்ததுதானே. பிடிபட்டவர்களை ஒரு மேசைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்துவார்கள். கழுத்தில் பெயர் அட்டை, முன்னால் பிடிபட்ட சரக்கு, எதிரே காமிராக்கள். வழக்கு நடக்கும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். நின்றவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: ஐயா, அந்தப் பெட்டி என்னுடையது இல்லை, யாரோ என் பெயரில் போட்டுவிட்டார்கள். ஜெனரல் மைக்கை வாங்கி, "பெட்டிக்கு நீ ஆத்தா இல்லன்னா உன் பேரு எப்படிம்மா அதுல வந்துச்சு? பெட்டி தானாப் போய்ப் பேரு வெச்சுக்கிச்சா?" என்பார். நிருபர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேசைக்குப் பின்னால் நின்றவள் தலை குனிவாள். சிரிப்புச் சத்தத்தில் அவள் அழுகை யாருக்குக் கேட்டது?

ஒருமுறை சவுதியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மதிய விருந்தில் ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்களில் இருந்த கர்னல் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஜெனரல், எங்க ஜித்தா சிறையில போதைக் கேஸ்ல உங்க நாட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. லாமின்னு பேரு. சின்ன வயசு. ரெண்டாவது பெட்டி என்னுது இல்லவே இல்லன்னு வந்த நாள்லேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. தண்டனை என்னன்னு உங்களுக்குத் தெரியும். அதான் கேக்கறேன். உங்க பக்கம் அப்படி நடக்க வழி இருக்கா?"

ஜெனரல் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் சொல்றதுதானே கர்னல் அது! அங்க நிக்கிறது என் பசங்க. நடக்கவே நடக்காது. அதுக்கு என் தலையை அடகு வெக்கறேன்."

கர்னல் தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. லாமி என்ற பெயரை ஜெனரல் கை கழுவும்போதே மறந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஃபல்மாதாவுக்கு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக வேண்டும் என்று ஆசை வந்தது. தம்பி செலவு செய்கிறேன் என்றதற்கு, "என் வாணலி சம்பாதிச்ச காசுலதான் போவேன், உன் சர்க்காரு காசு எனக்கு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டாள். ஒரே ஒரு பெட்டி. அதில் துணிமணி, வழிக்குக் காய வைத்து உதிர்த்த மாட்டிறைச்சி, கடலை உருண்டை. விமான நிலையத்தில் அவள் பாட்டுக்கு மற்ற கிழவிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சார்ஜண்ட் புலாமா பார்த்துவிட்டான். பதறி ஓடிவந்தான்.

"அக்கா! நீங்க போய் இங்க நிக்கறதா? பெட்டியைக் குடுங்க. பாஸ்போர்ட்டைக் குடுங்க. ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்ருவார்."

"போடா அந்தாண்டை. எல்லாரும் நிக்கல? எனக்கு மட்டும் காலு தங்கமா?"

புலாமா போனைப் போட்டு அவள் கையில் கொடுத்தான். மறுமுனையில் ஜெனரல்.

"அக்கா, பேசாம அவன்கிட்ட குடுத்துட்டு விஐபி ரூம்ல போய் உக்காரு."

"டேய் கச்சல்லா, அல்லா வீட்டுக்குப் போற வழியிலயுமாடா எனக்கு நாற்காலி போடுவே? என் பெட்டியை நானே போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"என் மானம் போயிரும்க்கா. ஜெனரல் வீட்டுப் பொம்பளை பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிறான்னு நாலு பேரு பேசுவான். பசங்க பாத்துப்பாங்க. எனக்காக."

எனக்காக என்று தம்பி சொன்னால் அவளுக்கு மறுக்கத் தெரியாது. பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டுக் குளிர் அறையில் போய் உட்கார்ந்து டீ குடித்தாள். எங்கள் ஊரில் பெரிய மனிதன் என்பதற்கு அடையாளமே இதுதான். அவன் பெட்டியை அவன் தொட மாட்டான். அவன் சொந்தக்காரர்களும் தொட மாட்டார்கள். எவனோ வாங்கிக்கொண்டு போவான், எவனோ எடை போடுவான், எவனோ பெயர்ச்சீட்டு ஒட்டுவான். ஏறிக்கொள்ள வேண்டியதுதான் நம் வேலை.

ஜெனரல் அலுவலகத்தில் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஃபல்மாதாவோடு போன பக்கத்து வீட்டு ஹாஜியா ஒருத்தி, போனில் வாய் குழறக் குழறச் சொன்னாள். "தம்பி, ஹோட்டல்ல வந்து அக்காவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க பேர்ல ரெண்டாவதா ஒரு பெட்டி வந்துச்சாம். பூரா டிராமடால்னு போதை மாத்திரையாம். அவ ஒண்ணும் புரியாம, என் கடலை உருண்டைப் பொட்டலத்தையா சொல்றீங்கன்னு கேட்டுக்கிட்டே போனா தம்பி..."

ஜெனரல் அடுத்த நொடியே போனை எடுத்தார். சவுதி கர்னலைக் கூப்பிட்டார்.

"கர்னல், என் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை. அது அவ பெட்டி இல்ல. யாரோ அவ பேர்ல போட்டுட்டாங்க."

கர்னல் மரியாதையாகத்தான் பேசினார். "ஜெனரல், மன்னிக்கணும். உங்க ஏர்போர்ட்ல அது நடக்காதுன்னு நீங்கதானே உத்தரவாதம் குடுத்தீங்க? எங்க அரசு வக்கீல் கோர்ட்ல அதைத்தான் சொல்லப் போறார். உங்க டிவி பேச்சையும் மொழிபெயர்த்து வெச்சிருக்கார்."

தலையை அடகு வைக்கிறேன் என்றாரே, அடகுக்குப் போனது யார் தலை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கே வாளால்தான் தண்டனை. அது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை டிவியில் பயமுறுத்தியிருக்கிறார்.

ஓடாத ஓட்டம் இல்லை. எந்த வாசலிலும் போய் நிற்காத மனிதர் அபுஜாவில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். மேலிடத்தில் இருந்த ஆலோசகர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ஜெனரல், சத்தம் போட்டா நாட்டுக்குக் கெட்ட பேரு. அக்காவைக் குத்தத்தை ஒத்துக்கச் சொல்லுங்க. தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்கன்னு அழட்டும். வயசானவங்க, இரக்கம் காட்டுவாங்க."

சிறையிலிருந்து ஒரே ஒரு முறை போனில் பேச அனுமதி வாங்கினார். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் உருப்போட்டு வைத்திருந்தார். அவள் குரலைக் கேட்டதும் எல்லாம் கலைந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் முதல் வார்த்தையாக.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. நான்தான் செஞ்சேன், புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிரு. அழு. கால்ல விழு. விட்ருவாங்க."

"செய்யாததைச் செஞ்சேன்னா? இந்த மண்ணுல நின்னுக்கிட்டா? நல்லா இருக்குடா நீ சொல்றது!"

"உயிரு, அக்கா! உன் உயிரு!"

"கத்தாதே. என் உயிரு எனக்குத் தெரியாதா? எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா கழுத்துல என்னமோ ஊருது." உடனே பேச்சை மாற்றினாள். "இங்க லாமின்னு ஒரு பொண்ணு இருக்கா. எனக்குத் தலை பின்னி விடுறா, சோறு ஊட்டாத குறை. அவளுக்கும் இதே கதைதான். ஒரே பெட்டியோட வந்தவளாம். ரெண்டாவது பெட்டி முளைச்சுதாம். உங்க ஊர் ஜெனரலே இது பொய்யின்னு சொல்லிட்டாரேன்னு இவங்க அவகிட்ட சொன்னாங்களாம். அந்த ஜெனரல் என் தம்பின்னு நான் இன்னும் அவகிட்ட சொல்லலடா. எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."

அதோடு தொடர்பு அறுந்தது. ஜெனரல் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்றால் என்ன என்று அந்த வயதில் அவருக்குப் புதிதாகத் தெரியவந்தது.

காவலுக்கு யாரையும் அழைக்காமல் வடக்கே விமான நிலையத்துக்குப் போனார். உரியவர் வராத பெட்டிகளைப் போட்டுவைக்கும் அறையில் புலாமா இருந்தான். மதியத் தொழுகை முடிந்த நேரம், அறை அனலாய்க் கொதித்தது. புலாமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். கையைக் கீழே இறக்கவில்லை.

"அக்கா எப்படி சார் இருக்காங்க?"

"அதை நீதான் சொல்லணும் புலாமா."

புலாமாவின் கை தானாக இறங்கியது. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான். ஜெனரல் முன்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பக்கம் எறங்கினதும் கடத்தல் கும்பலோட ஆளு பெட்டியை எடுத்துருவான் சார். எப்பவும் எடுத்துருவான். அன்னைக்கின்னு பார்த்து மோப்ப நாயைக் கொண்டாந்துட்டாங்க."

"எப்பவுமா?" என்றார் ஜெனரல்.

புலாமா ஆமாம் என்று தலையசைத்தான்.

"என் அக்கா பேர்ல ஏண்டா போட்டே? அவ கையால எத்தனை நாள் தின்னிருப்பே?"

"லாவான்னு டேக்ல இருந்தா இங்க எவனும் தொட மாட்டான் சார். அங்கயும் விட்ருவாங்கன்னு நெனச்சேன். இருக்கறதுலயே பத்திரமான பேரு உங்க பேருதான் சார். அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் போட்டேன். சத்தியமா."

ஜெனரல் ஓங்கி ஓர் அறை விட்டார். விட்ட வேகத்தில் முழங்கால் மடங்கித் தானே தரையில் விழுந்தார். புலாமா தூக்க வந்தான். "தொடாதே" என்றார். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"ஏண்டா புலாமா?"

"பென்ஷன் வரல சார். உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? பொறுத்துக்கடா, நாம சிப்பாய்ங்கன்னீங்க. உங்களுக்குப் பொறுத்துக்க முடிஞ்சுது. என் புள்ளைங்களுக்குப் பசிச்சுது."

சொன்னது உண்மை. அவன் சொன்னதும் உண்மை, இவர் அலட்சியமாகத் தட்டிக் கழித்ததும் உண்மை. தன்னுடைய வறட்டு நேர்மையை எல்லோரும் சோற்றுக்குப் பதிலாகத் தின்பார்கள் என்று எண்ணியிருந்தார் மனிதர்.

"நீதிபதி முன்னால வந்து இதைச் சொல்லுடா. உத்தரவு போட எனக்கு வாய் வரல. கெஞ்சறேன்."

"சொன்னா எனக்கு ஜெயிலு. அது பரவால்ல. அந்தக் கும்பல் என் புள்ளைங்களை விட்டு வைக்குமா?"

"இன்னைக்கே அவங்க என் வீட்டுக்கு வரட்டும். என் சோறு அவங்க சோறு."

புலாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே தலையாட்டினான். ஜெனரல் இன்னொன்றும் கேட்டார். "லாமின்னு ஒரு பொண்ணு. அவ பெட்டி?"

"பேரை யாரு சார் பாத்தா? ஒத்தைப் பெட்டியோட வர்றவங்களாப் பாப்போம். ஏன்னு கேக்க ஆளில்லாத முகமாப் பாப்போம். இருக்கும் சார். அதுவும் எங்க வேலையாத்தான் இருக்கும்."

புலாமா நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஜெனரலும் வாக்குமூலம் எழுதினார். என் ஆட்கள்தான் செய்தார்கள், நடக்காது என்று நான் சொன்னது தவறு, என் அக்காவும் லாமியும் இன்னும் தெரியாத எத்தனையோ பேரும் நிரபராதிகள் என்று எழுதியிருந்தார். அரசாங்கம் அமர்த்திய வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெனரல், இப்படிக் கொடுத்தா காரியம் கெட்டுரும். அக்காவைக் காப்பாத்த ஊர்ல இருக்கற குற்றவாளி எல்லாருக்கும் நற்சாட்சி எழுதறான்னுதான் நினைப்பாங்க. ஒண்ணையும் நம்ப மாட்டாங்க. ஒரு பெட்டி, ஒரு பேரு, ஒரு சாட்சி. அதோட நிறுத்துங்க."

"அந்தப் பொண்ணு?"

"அக்கா வெளிய வரட்டும். அப்புறம் அவளுக்குத் தனியாக் கொடுப்போம். உங்க அக்காவுக்கு ஆபத்து வேணுமா சொல்லுங்க."

ஜெனரல் பேனாவை எடுத்தார். லாமியின் பெயர் இருந்த வரியை அடித்தார். வேறு யாரும் அவர் கையைப் பிடித்து அடிக்கச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் அக்காவின் கழுத்து ஒன்றுதான் இருந்தது. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அடித்திருப்பேன், நீங்களும் அடித்திருப்பீர்கள். அதனால் அது சரியாகிவிடுமா?

வாக்குமூலம் வெளியே வந்ததும் அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். உடல்நலக் குறைவு என்று அறிவித்தார்கள். முன்பு கை தட்டிய அதே டிவி இப்போது அவரை வறுத்தெடுத்தது. அவர் அதையெல்லாம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சவுதி வழக்கு இழுத்தது. புலாமாவின் வாக்குமூலத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள், ஆட்களை அனுப்பி விசாரித்தார்கள். கடைசியில் ஃபல்மாதாவை விடுவித்தார்கள்.

அவள் மைதுகுரியில் வந்து இறங்கிய அன்று தெருவே திரண்டுவிட்டது. ஜெனரல் எல்லோர் முன்னாலும் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் இளைத்துத் துரும்பாகியிருந்தாள். தம்பியின் தலையைத் தடவிவிட்டு, காதோடு கேட்டாள்.

"லாமிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லப் போறேன்க்கா. நீ வந்துட்டே இல்ல? இந்த வாரமே அனுப்பறேன்."

"நான் கிளம்பறப்ப என் துணியை மடிச்சுக் குடுத்தாடா. அடுத்தது நான்தானே அக்கான்னு சிரிச்சா. அப்பத்தான் அவகிட்ட சொன்னேன், உன்னை விடுவிக்கப் போறது என் தம்பின்னு."

அந்த வாரம் வீடு நிறைய விருந்தாளிகள். ஆடுகளை அறுத்தார்கள். யார் யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள், தொழுதார்கள், சாப்பிட்டார்கள். புதிய வாக்குமூலத்தை ஜெனரல் எழுதித்தான் வைத்திருந்தார். விருந்து முடியட்டும், அபுஜாவுக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். கடைசி விருந்தாளிகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சவுதி கர்னல் போனில் கூப்பிட்டார்.

"ஜெனரல், அக்கா சௌக்கியமா? ஒரு தகவல் சொல்லணும். அந்த லாமிங்கிற பொண்ணு விஷயம் இன்னைக்குக் காலையில முடிஞ்சுது. அவ பேர்ல உங்க கிட்டேர்ந்து எதுவும் வரல. பழைய உத்தரவாதம்தான் கோப்புல இருந்துச்சு."

ஃபல்மாதா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வண்டியை எடு. அவ ஆத்தாகிட்ட போவோம்" என்றாள்.

லாமியின் அம்மா தேலு, ஃபுந்துவாவில் கம்பங்கூழ் விற்கிறவள். வழி நெடுகிலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தபோது தேலு வாசலில் பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஃபல்மாதாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"டிவியில பாத்தேன் தாயி! என் பொண்ணு மாதிரியே வழக்கு, வெளிய வந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன். உங்களுக்குத் தொறந்த கதவு அவளுக்கும் தொறக்கும். உள்ள வாங்க. அவ ரூமுக்குக்கூட வெள்ளையடிச்சுட்டேன்." பிறகுதான் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "ஜெனரல் ஐயாவா? ஐயோ, நீங்களே வந்துட்டீங்களே! உக்காருங்க, உக்காருங்க."

ஜெனரல் உட்காரவில்லை. ஃபல்மாதா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அம்மா, உங்க பொண்ணு வர மாட்டா. நேத்துக் காலையில முடிச்சுட்டாங்க. அவ சொன்னது அத்தனையும் நிஜம். பெட்டியைப் போட்டது என் ஆளுங்க. பொய்னு சொன்னது நான். அதை மாத்திச் சொல்ல எனக்கு நேரம் இருந்துச்சு. என் அக்கா முதல்ல வரட்டும்னு உங்க பொண்ணு பேரை என் கையாலயே அடிச்சேன்."

தேலு முதலில் ஃபல்மாதாவைப் பார்த்தாள், அவள் இல்லை என்று சொல்வாள் என்பதுபோல. ஃபல்மாதா தலை குனிந்தாள். தேலு அந்தக் கவிழ்த்த பானைமேலேயே உட்கார்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இவ்வளவு தெளிவாச் சொல்றீங்களே ஐயா. இதைப் போய் அங்க சொல்லக்கூடாதா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் அவ சொன்ன அன்னைக்கே தெரியுமே."

தேலு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.